நாகை கடலில் தூண்டில்: அறுந்த நரம்பு பற்றிய புதுப்பிப்பு

போன மாதம் எழுதியிருந்தேன்: நாகப்பட்டினத்தில் வாடகைப் படகு எடுத்துப் போனபோது வஞ்சிரம் மூன்று முறை தூண்டில் நரம்பை (நைலான் இழையை) அறுத்துக்கொண்டு போனது, என்ன செய்யலாம் என்று. பலர் சொன்னது ஒன்றுதான், கம்பி போடு.

போட்டேன். விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 14 அன்று முடிந்து, கூட்டம் சற்று அடங்கிய பிறகு போனோம். தூண்டிலுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி. வஞ்சிரத்தின் பல் கத்தரி மாதிரி, நைலான் தாங்காது. போலி மீனைப் படகின் பின்னால் இழுத்துக்கொண்டே போனதில் இரண்டு வஞ்சிரம் ஏறின. ஆனால் கம்பி வெயிலில் மின்னுவதாலோ என்னவோ, கடி குறைவு.

உண்மையான தவறு வேறு. ரீலின் (நரம்பு சுற்றியிருக்கும் உருளையின்) பிரேக்கை இறுக்கி வைத்திருந்தேன். "தம்பி, மீன் ஓடட்டும், விடுங்க" என்றார் படகு ஓட்டிய அண்ணன். 30 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு என்றால் 10 பவுண்டு இழுவையிலேயே ரீல் நரம்பை விட வேண்டும். தராசு வைத்துச் சரிசெய்தேன். அப்புறம் ஒன்றுகூட அறவில்லை.

மயில்மீன் (முதுகில் பாய் மாதிரி துடுப்புள்ள பெரிய மீன்) ஒன்று துள்ளிக் கொக்கியை உதறிவிட்டுப் போனது. அதற்குக் கம்பியும் பிரேக்கும் பொறுப்பில்லை, என் கைதான். பத்து மணிக்கு மேல் காற்று ஏறியதால் திரும்பிவிட்டோம்.