ஒழுங்கைக் குழுவில் நீலப் பொப்பி

பூமணி மாமி: (படம்) என்ர மகள் தர்சினி வீட்டு வாசலில் பூத்திருக்கிறது. பாருங்கோ நிறத்தை. வேட்டிக்குப் போடுகிற சலவை நீலத்தைத் தண்ணீரில் கரைத்தது போல. விதை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கிணற்றடியில் கமுகு நிழலில் வைப்பம்.

வசந்தா அக்கா: மாமி, பொப்பி என்றால் அபின் செடியல்லோ? ஒழுங்கைக்குள் பொலிஸ் வரப்போகுது.

ரூபன்: அப்ப சர்பத்தில் மிதக்கிற கசகசா? நான் நேற்று இரண்டு கிளாஸ் குடித்தேன்.

சிவம் மாஸ்ரர்: நீ குடித்தது துளசி இனத்து விதை, பயப்படாதே. இந்தியாவில் குருமாவுக்கு அரைக்கிற கசகசாதான் அபின் செடியின் விதை. மாமியின் பூ இரண்டுமில்லை. மெக்கனோப்சிஸ் என்று பெயர். பொப்பிக் குடும்பம்தான், ஆனால் இமயமலைப் பக்கத்துச் செடி. பூட்டானின் தேசியப் பூவும் இந்த இனத்தில் ஒன்று. 1913இல் பெய்லி என்ற ஆங்கில அதிகாரி தீபெத்தில் ஒரு பூவைப் பறித்துப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தார். 1924இல் செடி தேடித் திரிந்த கிங்டன்-வார்ட் என்பவர் போய் விதை எடுத்த பிறகுதான்

ரூபன்: மாஸ்ரர், விதை முளைக்குமா முளைக்காதா?

சிவம் மாஸ்ரர்: முளைக்காது. முளைத்தாலும் நிலைக்காது.

பூமணி மாமி: ஏன்? ரோசா வளர்த்தவள் நான்.

சிவம் மாஸ்ரர்: உங்கள் கைராசியில் குறையில்லை மாமி. இங்கே யாழ்ப்பாணத்தில் தை மாத இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அருமை. அதற்குக் கோடையே குளிராக இருக்க வேண்டும். அதோடு எங்கள் நிலம் சுண்ணக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றப்போகிறீர்கள். இதற்குப் புளிப்பான மண் வேண்டும்.

வசந்தா அக்கா: நுவரெலியாவில் வைக்கலாமோ?

சிவம் மாஸ்ரர்: குளிர் இருக்கிறது. பனிமூடி உறங்குகிற மாரி இல்லை. நான் காசு கட்ட மாட்டேன்.

ரூபன்: நான் கட்டினேன். போன வருடம் இணையத்தில் 'நீலப் பொப்பி விதை' என்று ஒரு பைக்கற் வாங்கினேன். வந்தது கீரை. அம்மா சுண்டிவிட்டா.

தர்சினி (துரொம்சோ, வட நோர்வே): இப்பத்தான் வேலை முடிந்து பார்க்கிறேன். அம்மா, விதை அனுப்பவும் ஏலாது, அனுமதி இல்லாமல் தபாலில் போடக்கூடாது. இங்கே ஆடியிலும் 12 பாகைதான், அதனால்தான் நிற்கிறது. அப்படியும் முதல் கன்று ஒரே வருடம் பூத்துச் செத்துப்போனது. அழுதேன் தெரியுமா. பிறகுதான் இங்குள்ள தாவரவியல் பூங்காவில் வேலை செய்கிற ஒரு அம்மா சொன்னா: முதல் வருடம் மொட்டுத் தண்டு வந்தால் கிள்ளிவிடு, அப்போதுதான் அடிக்கட்டை பருத்துப் பக்கக் கன்று விடும் என்று. கிள்ள மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிள்ளினேன்.

பூமணி மாமி: எனக்குச் சொல்லவே இல்லையே.

தர்சினி (துரொம்சோ): விதையிலும் போட்டுப் பார்த்தேன். பழைய விதை முளைப்பதில்லை, காய் வெடித்ததும் எடுத்துப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். மண்ணின் மேலே தூவ வேண்டும், புதைத்தால் வெளிச்சம் கிடைக்காது. முளைத்து இரண்டு இலை வந்தபிறகு ஒரே இரவில் அரைத்தட்டு அழுகி விழுந்தது. தண்ணீர் கூடிவிட்டது. ஒரு கோடை வெயில் அதிகம், அந்த வருடம் பூ ஊதாவாகிவிட்டது.

வசந்தா அக்கா: சங்குப்பூத் தேநீருக்குத் தேசிக்காய் விட்டால் ஊதாவாகுமே, அப்படியோ?

சிவம் மாஸ்ரர்: அது புளிப்பால் மாறுவது பிள்ளை. இது வெக்கைக்கு வாடிய நிறம். பொப்பி பார்க்கத்தான் ஆசை என்றால் ரூபன் வீட்டு மதிலடியில் மஞ்சளாக முள்ளோடு நிற்கிறதே பிரமதண்டு, அதுவும் பொப்பிக் குடும்பம். மெக்சிக்கோவிலிருந்து வந்தது. விதை நஞ்சு, கடுகெண்ணெயில் கலந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். தொடாதேயுங்கோ.

ரூபன்: சொந்தக்காரர் எல்லாரும் வெளிநாட்டில், எங்கள் மதிலில் மட்டும் முள்ளுக்காரி.

தர்சினி (துரொம்சோ): அம்மா, பூ முடிய இதைக் கிண்டிப் பிரிக்கலாம் என்று இருக்கிறேன். நாலைந்து குருத்து நிற்கிறது.

பூமணி மாமி: ஜெர்பராவைப் பிரிக்கிறது போலவோ? அப்படியென்றால் கத்தியால் வெட்டாதே. கையால் மெதுவாகப் பிய். ஒவ்வொரு குருத்துக்கும் வேர் இருக்கிறதா பார். வேர் காயமுன்னம் மண்ணில் வை. எல்லாவற்றையும் ஒரே நாளில் குழப்பாதே, பாதியைத் தாய்க்கட்டையோடு விடு. ஒன்று பட்டாலும் ஒன்று நிற்கும்.

சிவம் மாஸ்ரர்: பார்த்தீர்களா, மாமி காணாத செடிக்கும் மருத்துவம் சொல்லிவிட்டா. சரியாகவும் சொல்லிவிட்டா.

பூமணி மாமி: சரி, விதை வேண்டாம். கிணற்றடிக்கு வசந்தாவிடம் நீலச் சங்குப்பூ விதை எடுக்கிறேன். தர்சினி, நான் நாலு மணிக்கு எழும்புவேன், அப்ப உனக்கு இரவு பன்னிரண்டரை. வெயில் இன்னும் இருக்கும்தானே? படுக்கமுன்னம் இன்னொரு படம் எடுத்துப் போடு. இந்தமுறை கிட்டப்போய் எடு, இலையும் தெரியவேண்டும்.