சாவியைக் கொடுக்கும் முன் ஒரு தண்ணீர் பாட்டில்

திருச்சியிலிருந்து ஒரு தந்தை:

பதினோராம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்தே என் மகன் ஸ்கூட்டர் கேட்டான். டியூஷனுக்கு எல்லோரும் வண்டியில்தான் வருகிறார்களாம். "கியர் இல்லாத வண்டிதானே அப்பா, 16 வயது போதுமே" என்றான். அந்த 16 வயது உரிமம் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும்தான். எங்கள் வீட்டில் நிற்பதோ பழைய 110 சிசி. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. சொன்னதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எனக்கும் மனம் வலித்தது. சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

18 முடிந்து எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வந்ததும், ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆளில்லாத மைதானத்துக்கு அழைத்துப் போனேன். அவனுக்கு ஏற்கெனவே ஓட்டத் தெரியும் என்பது ஏறி உட்கார்ந்த விதத்திலேயே புரிந்தது. எங்கே பழகினாய் என்று கேட்கவில்லை. தரையில் ஒரு கோடு கிழித்தேன். "40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இந்தக் கோட்டில் பிரேக் பிடி. எங்கே நிற்பாய் என்று நினைக்கிறாயோ, அங்கே ஓரமாக இந்தத் தண்ணீர் பாட்டிலை வை" என்றேன். கோட்டிலிருந்து நாலே தப்படியில் வைத்தான். வண்டி நின்றதோ பாட்டிலைத் தாண்டிப் பத்துத் தப்படியில். நான் பின்னால் ஏறிக்கொண்டபோது இன்னும் தள்ளிப் போனது. அந்த வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர். பின்னால் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஒரு பஸ் நீளம் போய்விடும்.

அவன் பின் பிரேக்கை மட்டுமே பிடிக்கிறான் என்பதும் அன்றுதான் தெரிந்தது. முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். இரண்டையும் சேர்த்து, முன்னதைச் சடாரென்று இறுக்காமல் சீராக அழுத்தப் பழக்கினேன். நான்காவது ஞாயிறு, நான் சொல்லாமலே பாட்டிலைக் கோட்டிலிருந்து பன்னிரண்டு தப்படி தள்ளி வைத்தான்.

ஒரு தாய்:

என் மகள் ஹெல்மெட் அணிந்துதான் போனாள், பட்டையை மாட்டவில்லை. வேகத்தடையில் சறுக்கி விழுந்தபோது ஹெல்மெட் தனியே உருண்டது. நெற்றியில் ஏழு தையல். இப்போது பட்டை மாட்டும் 'டிக்' சத்தம் கேட்ட பிறகே வாசல் கதவைத் திறக்கிறேன்.

ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்:

தம்பி, இதையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். பஸ் இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் ஒருநாள் சீருடையில் ஒரு பையன் ஸ்கூட்டரை நுழைத்துவிட்டான். காதில் இயர்போன். கண்ணாடியில் அவன் எனக்குத் தெரியவே இல்லை. நடத்துநர் விடாமல் விசில் ஊதியதால் நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பார்த்தால், பின் சக்கரத்துக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. திட்ட வாய் வரவில்லை. அவனுக்குத் தண்ணீர் கொடுத்த என் கையும் நடுங்கியது.

திருச்சித் தந்தை:

ஐயா, படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் லாரி இருக்கிறது. வருகிற ஞாயிறு, நிறுத்தி வைத்த அந்த லாரியின் ஓட்டுநர் இருக்கையில் மகனை உட்காரவைத்து, நான் ஸ்கூட்டரோடு பின் சக்கரத்தருகே நின்றுகொண்டு, "நான் தெரிகிறேனா?" என்று கேட்கப் போகிறேன்.