சைக்கிளில் செல்பவரிடம் பொலிஸார் எவற்றைக் கேட்கலாம்?

கேள்வி – வெள்ளவத்தைவாசி

கொழும்பில் துவிச்சக்கர வண்டி ஓட்டுபவரிடம் போக்குவரத்துப் பொலிஸார் எவற்றைக் கேட்க உரித்துடையவர்கள், எவை அவர்களின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை என்பதைத் தெளிவாக அறிய விரும்புகிறேன். 2022இல் பெற்றோல் வரிசைகளில் நிற்க முடியாமல் சைக்கிளுக்கு மாறிய பலருள் நானும் ஒருவன். நெருக்கடி தணிந்ததும் பெரும்பாலானோர் பழைய வாகனங்களுக்கே திரும்பிவிட்டார்கள். நான் இன்றும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு மரைன் டிரைவ் வழியாகச் சைக்கிளில்தான் வேலைக்குச் சென்று வருகிறேன்.

அண்மையில் ஓரிரவு, வேலை முடிந்து வரும்போது ஒரு சந்தியில் மறிக்கப்பட்டேன். முன்விளக்கும் பின்விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தன. உத்தியோகத்தர் முதலில் ‘லயிசன் எக’ (சாரதி அனுமதிப்பத்திரம்) என்று கை நீட்டினார். சைக்கிளுக்கு அது தேவையில்லை என்று நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னதும், அப்படியானால் தலைக்கவசம் எங்கே என்றார். பிறகு அடையாள அட்டையை வாங்கி, அதிலிருந்த யாழ்ப்பாண முகவரியைப் பார்த்து, கொழும்பில் எங்கே, யாருடன், எதற்காகத் தங்கியிருக்கிறேன் என்றெல்லாம் விசாரித்தார். விரும்பினால் சைக்கிளை நிலையத்துக்குக் கொண்டுபோகலாம் என்றும் சொன்னார். கடைசியில் எதுவும் எழுதாமல் அனுப்பிவிட்டார். ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் நிறுத்தப்பட்டேன் என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை. அனுமதிப்பத்திரம், தலைக்கவசம், விளக்கு, ஒருவழி வீதி ஆகியவை குறித்துச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் என்னைப் போன்ற பலருக்கும் உதவும்.

பதில் 1 – நீதிமன்றப் படிகள்

நீதவான் நீதிமன்றங்களில் தோன்றும் சட்டத்தரணி என்ற முறையில் எழுதுகிறேன். இந்தக் குழப்பம் முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் பெரும்பகுதி, இயந்திர வலுவால் ஓடும் வாகனங்களையும் அவற்றின் சாரதிகளையும் பற்றியது. சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகிய மூன்றும் அந்த வாகனங்களுக்கு உரியவை. மிதித்து ஓட்டும் சைக்கிளுக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. தலைக்கவசக் கட்டாயமும் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களுக்கே உரியது. சைக்கிளில் செல்பவர் தலைக்கவசம் அணிவது நல்லது, நானும் வற்புறுத்துவேன். ஆனால் அணியாதது குற்றம் அன்று.

இதைக் கேட்டுவிட்டுச் சைக்கிளுக்குச் சட்டமே இல்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. தண்டனைச் சட்டக்கோவையில், பொதுவழியில் மனித உயிருக்கு ஆபத்து ஏற்படும் வகையில் அவதானமின்றி வாகனம் செலுத்துவது குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே மோட்டார் வாகனம் என்ற வரையறை இல்லை. எந்த வாகனமும் அதற்குள் அடங்கும். மஞ்சள் கடவையில் நடந்து வந்த முதியவரைச் சைக்கிளால் மோதி விழுத்தியவர், என்னுடையது சைக்கிள்தானே என்று தப்பிக்க முடியாது. வர்ணச் சமிக்ஞை விளக்கையும் கடமையில் நிற்கும் உத்தியோகத்தரின் கைச்சைகையையும் வீதியிலுள்ள எல்லோரும் மதிக்கவே வேண்டும். அதிவேக நெடுஞ்சாலைகளுக்குள் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும்கூட நுழைய முடியாது என்னும்போது சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அடையாள அட்டை வேறு விடயம். 1968ஆம் ஆண்டின் ஆட்களைப் பதிவு செய்தல் சட்டத்தின் கீழ் அதைக் காட்டும்படி கேட்க அதிகாரமுண்டு, காட்டிவிடுங்கள். ஆனால் சைக்கிளில் செல்லும்போது, காருக்காக எடுத்து வைத்திருக்கும் சாரதி அனுமதிப்பத்திரத்தை நீங்களாகவே எடுத்து நீட்டாதீர்கள். உடனடித் தண்டப்பண முறை அந்தப் பத்திரத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது: உத்தியோகத்தர் அதைப் பெற்றுக்கொண்டு படிவம் தருவார், நீங்கள் 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டைக் காட்டி அதை மீட்பீர்கள். பத்திரமே தேவைப்படாத சைக்கிளோட்டிக்கு இந்த முறை பொருந்துவதில்லை. உண்மையில் குற்றம் இருந்தால் நீதவான் முன் வழக்குத் தாக்கல் செய்வதுதான் வழி. யாருக்காக இருந்தாலும் தண்டப்பணத்தை வீதியில் வைத்து ரொக்கமாக உத்தியோகத்தரின் கையில் கொடுக்கும் நடைமுறை சட்டத்தில் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நிலையத்துக்கு வரும்படி சொன்னால், நான் கைது செய்யப்படுகிறேனா, என்ன காரணத்துக்காக என்று அமைதியாகக் கேளுங்கள். கைது செய்யப்படும் எவருக்கும் காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்பதை அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை சொல்கிறது. யாழ்ப்பாண முகவரி இருப்பது எந்தச் சட்டத்தின் கீழும் சந்தேகத்துக்குரிய காரணம் அன்று. இனம், மொழி, பிறந்த இடம் காரணமாகப் பாரபட்சம் காட்டுவதை 12(2)ஆம் உறுப்புரை தடை செய்கிறது.

பதில் 2 – பம்பலப்பிட்டி ஓய்வூதியர்

தம்பி, சட்டத்தரணி மகள் எழுதியது அத்தனையும் சரியானது. ஆனால் வீதியில் நிற்கும்போது எந்த வரிசையில் பேச வேண்டும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். முதலில் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நில்லுங்கள். இரண்டாவதாக, அவர் கேட்பதற்கு முன்பே விளக்குகளைக் காட்டுங்கள். 13ஆம் உறுப்புரை அதற்குப் பிறகு வரட்டும். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வேலைக்குப் போய் வந்த எங்கள் தலைமுறைக்கு அடையாள அட்டையைப் பார்த்ததும் குரல் மாறுவது என்னவென்று தெரியும். உங்கள் மனம் புண்பட்டதை நான் சிறிதாக எண்ணவில்லை. என்றாலும் இருட்டில் கடமையில் நிற்கும் ஓர் இளம் உத்தியோகத்தருக்கும், சைக்கிளுக்கு எது பொருந்தும் எது பொருந்தாது என்று ஒருவரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அவர் நாள் முழுவதும் மறிப்பது மோட்டார் சைக்கிள்களையும் முச்சக்கர வண்டிகளையும்தான். அந்தக் கேள்விகளே சைக்கிளைக் கண்டாலும் வாயில் வருகின்றன.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மரைன் டிரைவில் தினமும் ஓடும் சைக்கிளின் விளக்கை உப்புக்காற்று சில மாதங்களுக்குள் தின்றுவிடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூடியைத் திறந்தால் பற்றறி தொடும் தகட்டில் பச்சை படிந்திருக்கும். வீட்டில் எரியும், பள்ளத்தில் ஏறி இறங்கியதும் அணைந்துவிடும். பின்விளக்கு அணைந்தது ஓட்டுபவருக்குத் தெரியாது, பின்னால் வரும் பேருந்துச் சாரதிக்கும் தெரியாது. தகட்டை வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, விளக்கோடு சேர்த்து மட்கார்டில் ஒரு சிவப்புப் பிரதிபலிப்பானையும் பொருத்திவிடுங்கள். அதற்குப் பற்றறி வேண்டாம். அதிகாலையில் வீடு வீடாகப் பத்திரிகை போடுபவர்களில் எத்தனை பேர் எந்த வெளிச்சமும் இல்லாமல் செல்கிறார்கள் என்று பார்த்தால் நெஞ்சு பதைக்கும். இந்த நாட்டில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். இரவில் விளக்கில்லாத சைக்கிளை மறிக்கும் பொலிஸ்காரர் நமக்கு நன்மைதான் செய்கிறார். அந்த இடத்தில் நான் அவருடைய பக்கம்.

ஓரமாகப் போ, இன்னும் ஓரமாகப் போ என்று சில உத்தியோகத்தர்கள் கையைக் காட்டுவார்கள். இடதுபக்கம் போக வேண்டியது உண்மை. ஆனால் வடிகான் மூடியின் கம்பிகள் சில இடங்களில் வீதியின் நீளவாக்கிலேயே இருக்கின்றன. மெல்லிய டயர் அதற்குள் இறங்கினால் ஆள் பேருந்தின் முன்னால்தான் விழ வேண்டும். மூடியிலிருந்து ஒரு முழமாவது விலகி ஓட்டுங்கள், கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தைவாசி

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. ஒருவழி வீதிக்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கவில்லை. காலி வீதியிலும் ஆர். ஏ. டி மெல் மாவத்தையிலும் ஒருவழிப் பகுதிகளில் எதிர்த்திசையில் ஓரமாகச் செல்லும் சைக்கிள்களை நாள்தோறும் காண்கிறேன், பொலிஸாரும் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அது அனுமதிக்கப்பட்டதா?

பதில் 3 – செட்டியார் தெருக் கடைக்காரர்

அனுமதிக்கப்பட்டது அன்று, கண்டும் காணாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான். ஒருவழி வீதியில் எதிர்த்திசையில் வந்து மோதுண்டால், நியாயம் எவ்வளவு இருந்தாலும் உங்கள் பக்கம் பேச ஆள் இருக்காது. இறங்கி, நடைபாதையால் உருட்டிக்கொண்டு போங்கள்.

நான் எழுத வந்தது வேறு ஆட்களைப் பற்றி. புறக்கோட்டையில் கெய்சர் வீதிக்கும் பிரதான வீதிக்கும் இடையில் சாமான் ஏற்றிச் செல்லும் சைக்கிள்கள், தேநீர் கொண்டு ஓடும் பையன்களின் சைக்கிள்கள், அதிகாலையில் மீன்பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு போகிறவர்களின் சைக்கிள்கள் ஆகியவைதான் கொழும்பில் உண்மையாக ஓடும் சைக்கிள்கள். உடற்பயிற்சிக்காகச் சுதந்திர சதுக்கத்துக்கு வருபவர்களை எவரும் மறிப்பதில்லை. கரியரில் மூட்டை இருந்தால் மறிப்பார்கள். எங்கள் கடைக்குச் சாமான் கொண்டுவரும் ஒருவரின் சில்லில் பொலிஸ்காரர் ஒருவர் காற்றைத் திறந்துவிட்டு, வால்வைப் பிடுங்கி எறிந்ததை நானே பார்த்தேன். அவர் ஒருவழி வீதியில் எதிரே வந்தது தவறுதான். ஆனால் அன்றைய பாதிச் சம்பளம் அந்த ஒரு வால்வோடு போய்விட்டது. தண்டனை கொடுப்பது நீதவானின் வேலை. வால்வைப் பிடுங்குவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இன்னொன்று. பழையவர்கள் சைக்கிள் லைசன் என்று சொல்வது சாரதி அனுமதிப்பத்திரத்தை அன்று. அது உள்ளூராட்சி மன்றத்துக்குக் கட்டும் வரி. 1916ஆம் ஆண்டின் வாகனங்கள் கட்டளைச் சட்டக் காலத்துப் பழக்கம் அது. பிரதேச சபைகள் வர்த்தமானியில் வெளியிடும் வாகன, விலங்கு வரிப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள்: வியாபாரத்துக்குப் பயன்படும் துவிச்சக்கர வண்டிக்கு 18 ரூபாய், ஏனைய துவிச்சக்கர வண்டிக்கு 4 ரூபாய், யானைக்கு 50 ரூபாய் என்று இருக்கும். ஊரிலிருந்து வந்த தொழிலாளர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து, வீதியில் லைசன் கேட்டதும் இல்லாத குற்றத்தை ஒப்புக்கொண்டு கும்பிடுகிறார்கள். வியாபாரத்துக்குச் சைக்கிள் கொடுத்திருக்கும் முதலாளிமார், அந்தச் சைக்கிளை வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதியையும் கடையின் தொலைபேசி இலக்கத்தையும் ஓட்டுபவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். திருட்டுச் சைக்கிள் என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பதில் 4 – கொட்டாஞ்சேனை மெக்கானிக்

ஒரு முக்கியமான விடயம் விடுபட்டுவிட்டது. இப்போது பலர் சைக்கிளில் மின்மோட்டார் பொருத்தித் தருமாறு கேட்டு வருகிறார்கள். மோட்டார் வலுவால் ஓடத் தொடங்கினால் அதைச் சாதாரண சைக்கிள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பதிவு இல்லை, காப்புறுதி இல்லை என்ற கேள்விகள் அப்போது நியாயமானவையாகிவிடும். மேலே சொன்ன விலக்குகள் எல்லாம் மிதித்து ஓட்டும் சைக்கிளுக்கு மட்டுமே. என்னிடம் வருபவர்களிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

பதில் 5 – நீதிமன்றப் படிகள்

வால்வு பற்றிய கேள்விக்கு: எந்தச் சட்டத்திலும் இல்லை. உத்தியோகத்தரின் சீருடையில் இலக்கம் இருக்கும். அதையும் திகதி, நேரம், இடம் ஆகியவற்றையும் அன்றே குறித்து வைத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம். சாட்சியாகப் பார்த்த கடைக்காரர் ஒருவர் சேர்ந்து கையொப்பமிட்டால் முறைப்பாட்டின் பாரமே வேறு. தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

ஓய்வூதியர் ஐயா சொன்ன அமைதியை நானும் ஏற்கிறேன், ஆனால் ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: வாக்குமூலம். விபத்தில் அடிபட்டாலும், மறிக்கப்பட்டு நிலையத்துக்குப் போனாலும், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய பக்கத்தில் கையொப்பமிட்டுவிட்டு வருபவர்களை நான் வாரந்தோறும் சந்திக்கிறேன். முறைப்பாடு கொடுப்பவர் வாய்மொழியாகச் சொல்வதை அவர் சொன்ன மொழியிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு சொல்கிறது. உத்தியோகத்தருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் உங்களையே எழுதித் தரும்படி அவர் கேட்க வேண்டும். அதுவும் இயலாதபோதுதான், காரணத்தைக் குறித்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம். ஆகவே, நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று தாளைக் கேளுங்கள். மோட்டார் வாகனம் ஒன்று உங்களை மோதியிருந்தால் அதன் மூன்றாம் தரப்புக் காப்புறுதியிலிருந்து இழப்பீடு பெறுவதற்கும் இந்த முறைப்பாடுதான் அடித்தளம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, உங்கள் விளக்கு எரிந்ததா, வீதியின் எந்த ஓரத்தில் இருந்தீர்கள் என்பவை உங்கள் சொற்களிலேயே இருக்க வேண்டும்.

உங்கள் முகவரி காரணமாக மீண்டும் இப்படி விசாரிக்கப்பட்டால் நாட்களைக் கடத்தாதீர்கள். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது.