பாதாம் கொட்டை போன்ற கல்லும் மூன்று வரம்புள்ள கல்லும்: இவை விதைப் புதைபடிவங்களா?

கேள்வி: பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுக் குவியலில் இரண்டு கற்கள் கிடைத்தன. நிலவியல் வரைபடம் அங்குள்ள பாறையைக் கார்பானிஃபெரஸ் காலத்தது (ஏறக்குறைய 36 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது) என்கிறது. முதல் கல் அச்சு அசலாகப் பாதாம் கொட்டை. துருநிறம், நல்ல கனம். உடைந்த முனையில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். இரண்டாவது மங்கிய மணற்கல். கட்டைவிரல் நுனி அளவு, நீளவாக்கில் மூன்று வரம்புகள், அதாவது மேடான கோடுகள். முதலாவதை வெட்டிப் பார்க்கலாமா?

பதில் 1: ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் விதையல்ல.

பதில் 2: தயவுசெய்து விடாதீர்கள். நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். விதையும் சுண்ணாம்பாக மாறியிருக்கலாம்.

பாதாம் பற்றிய ஆசையை விட்டுவிடுங்கள். பூக்கும் தாவரங்களின் ஐயமற்ற புதைபடிவங்கள் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்திலிருந்துதான் கிடைக்கின்றன. உங்கள் பாறை அதற்குப் பல கோடி ஆண்டுகள் மூத்தது. விதை என்றால் ஒரு காலத்தில் செடியோடு ஒட்டியிருந்திருக்க வேண்டும். ஒரு முனையில் அந்தத் தழும்பு, வெட்டுமுகத்தில் தனியாகப் பிரியும் விதையுறை, இவற்றைத்தான் தேட வேண்டும். நடுவரை வளையங்களே என்றால் அது பெரும்பாலும் இரும்புத்தாதுக் கட்டி. இருந்தாலும் எறிய வேண்டாம்: அமெரிக்காவில் இல்லினாயின் மேசன் கிரீக்கில் இத்தகைய கட்டிகளுக்குள்தான் இலைகளும் மென்மையான உடல்கொண்ட உயிரினங்களும் கிடைத்திருக்கின்றன.

நீங்கள் அலட்சியமாகச் சொன்ன இரண்டாவது கல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ட்ரைகோனோகார்ப்பஸ் என்ற, விதைப் பெரணியின் (பெரணி போன்ற இலைகளோடு விதையும் தந்த, அழிந்துபோன தாவரம்) விதையாக இருக்கலாம். விதை அழுகிய குழிக்குள் மணல் நிரம்பி இறுகிய வார்ப்பு அது. அதனால்தான் உள்ளே வெட்டினாலும் வெறும் மணற்கல்தான் இருக்கும். வரம்புகள் சம இடைவெளியில் இருக்கின்றனவா? பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி, அளவுகோல் வைத்து, இரு முனைகளையும் படமெடுத்துப் போடுங்கள்.

கேட்டவர்: சம இடைவெளிதான், மூன்றும் கூர்முனையில் சேர்கின்றன. மறுமுனையில் வட்டமான சிறு பள்ளம். முதல் கல்லின் உடைப்பில் பித்தளை மினுக்கமும் தெரிகிறது, அது என்ன?

பதில் 3: பைரைட்டாக இருக்கலாம், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். ஈரக்காற்றில் அது சிதைந்து அமிலம் கசியும். இங்கிலாந்தின் ஷெப்பி தீவில் கிடைக்கும், ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகள் பழைய ஈயோசீன் கால நிப்பா பனைக் காய்ப் புதைபடிவங்களைச் சேகரிப்பவர்களுக்கு இது தீராத தலைவலி. கழுவாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மணற்கல்லை அதோடு சேர்த்து வைக்காதீர்கள்.

பதில் 2: கூர்முனையும் பள்ளமும் நம்பிக்கை தருகின்றன. குவியலில் எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்பதை இன்றே ஒரு சீட்டில் எழுதிவிடுங்கள். அருங்காட்சியகத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.