இம்தினா (மால்ட்டா) கோட்டை நகரம்: அரை நாள் போதுமா, முழு நாள் வேண்டுமா?

வழிப்போக்கன்77 கேட்டது:

செப்டம்பர் கடைசி வாரம் மால்ட்டா போகிறோம், வல்லெட்டாவில் 4 இரவு தங்கல். இம்தினாவுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா, அரை நாளில் முடியுமா? கூட வருபவர்கள்: 70 வயது அம்மா (முட்டி வலி, படி ஏறினால் சிரமம், சுத்த சைவம்) மற்றும் 8 வயதுப் பையன். பஸ்ஸா டாக்ஸியா, எதற்கெல்லாம் காசு கொடுத்து உள்ளே போகலாம், கூட்டமில்லாமல் படம் எடுக்க எந்த நேரம், ஞாயிறு போனால் பரவாயில்லையா? "ஒரு மணி நேரத்தில் போரடித்துவிடும்" என்று சிலர் எழுதியிருப்பதால் குழப்பம்.

தெற்குவாசல்:

ஒரு மணி நேரத்தில் போரடிக்கும் என்பது மதிலுக்குள் மட்டும் சுற்றித் திரும்புகிறவர்களுக்கு உண்மைதான். முன்வாசலில் இருந்து வடக்கு மதில் வரை மெதுவாக நடந்தாலும் ஐந்தாறு நிமிஷம். உள்ளே குடியிருப்பவர்கள் 300 பேர்கூட இல்லை.

இம்தினாவைத் தனியாகப் பார்க்காதீர்கள். வாசலுக்கு வெளியே ஒட்டினாற்போல இருப்பது ரபாத் என்ற ஊர். இரண்டு பெயருமே அரபியிலிருந்து வந்தவை. மதீனா என்றால் நகரம், ரபத் என்றால் புறநகர். நம் வழக்கில் சொன்னால் ஒன்று கோட்டை, மற்றது பேட்டை. ரோமானியர் காலத்தில் இது மெலிட்டே என்ற ஒரே நகரம், இன்றைய ரபாத்தின் பெரும்பகுதி அதற்குள் அடக்கம். பின்னால் நகரைச் சுருக்கி, நடுவே அகழி வெட்டிப் பிரித்தார்கள். இது தெரிந்துகொண்டு போனால் எது எங்கே ஏன் இருக்கிறது என்பது புரியும். டோமுஸ் ரோமானா என்ற ரோமானிய வீடு இன்று வாசலுக்கு வெளியே நிற்கிறது, அன்று அது நகருக்குள். புனித பவுல் நிலத்தடிக் கல்லறைகள் ரபாத்தில் சற்றுத் தள்ளி இருக்கின்றன, ஏனென்றால் ரோமச் சட்டப்படி இறந்தவர்களை நகர எல்லைக்குள் புதைக்கக் கூடாது. பழைய எல்லையைத் தாண்டியதும் கல்லறைகள் தொடங்குகின்றன.

வரிசை முக்கியம். காலையில் நேராகக் கோட்டைக்குள் நுழைவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. சுமார் 10 மணி முதல் 3 மணி வரை கப்பல் பயணிகளும் சுற்றுலா பஸ்களும் அங்கேதான். அந்த நேரத்தில் நீங்கள் ரபாத்தில் இருங்கள்: முதலில் கல்லறைகள், பிறகு டோமுஸ் ரோமானா, சாப்பாடு, 3 மணிக்கு மேல் கோட்டைக்குள் இருக்கும் பேராலயம். அது 5 மணிக்கு முன்பே சாத்திவிடுவார்கள் என்பதால் அதற்கு மேல் தள்ள வேண்டாம். பிறகு தெருக்கள், கடைசியில் வடக்கு மதில். செப்டம்பர் கடைசியில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன் மறையும். ஐந்தரைக்கு மேல் கோட்டை உங்களுடையது.

பஸ்: வல்லெட்டா நகர வாசலுக்கு வெளியே டிரைட்டன் நீரூற்றைச் சுற்றித்தான் பஸ் நிலையம். 51, 52, 53 எல்லாம் ரபாத் வழியாகப் போகும், சுமார் அரை மணி முதல் 40 நிமிஷம். கோடைக் கட்டணம் 2.50 யூரோ, டிக்கெட் 2 மணி நேரம் செல்லும், அதற்குள் வேறு பஸ் மாறலாம். கைகாட்டாவிட்டால் பஸ் நிற்காது. நிரம்பியிருந்தால் கைகாட்டினாலும் நிற்காது. அதனால் போகும்போது நடுவழி நிறுத்தத்தில் காத்திருக்காமல் நிலையத்திலேயே ஏறுங்கள், அம்மாவுக்கும் உட்கார இடம் கிடைக்கும். ஸ்லீமாவில் தங்குகிறவர்களுக்கு 202. விமான நிலையத்திலிருந்து நேராக வருவதானால் எந்த பஸ் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு வேண்டாம். பேராலயத்தில் அன்று வழிபாடு மட்டும்தான், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். செப்டம்பர் 21 சுதந்திர தினம், பொது விடுமுறை. உங்கள் தேதி அதைத் தொட்டால் எது திறந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லும்காரையும்:

மேலே சொன்ன வரிசை சரி. கோட்டைக்குள் கண்ணில் படாமல் போகிறவற்றைச் சேர்க்கிறேன்.

முன்வாசல் 1724-ல் கட்டியது. அன்று தீவை ஆண்ட மாவீரர் சபையின் தலைவர் (கிராண்ட் மாஸ்டர்) வில்ஹேனா கட்டச் சொன்னார், மோண்டியோன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வடிவமைத்தார். பாலத்தில் நின்று படம் எடுத்துவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுகிறார்கள். இரண்டு விஷயம் விட்டுப்போகும். ஒன்று, அருகிலேயே மதிலில் பழைய வாசலை அடைத்த தடம் தெரியும். இன்னொன்று, உள்ளே போனதும் திரும்பி வாசலின் பின்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள்: பவுல், புப்ளியஸ், அகத்தா என்ற மூன்று புனிதர்களின் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. வாசலை ஒட்டி உள்ளே நிற்கும் சின்னக் கோபுரம், கடற்கொள்ளையர் வந்திறங்கினால் தீமூட்டி ஊருக்குச் சொல்லும் அடையாளக் கோபுரம்.

பேராலயத்துக்கு டிக்கெட் கோவில் வாசலில் இல்லை, எதிரே இருக்கும் அருங்காட்சியகத்தில். ஒரே டிக்கெட்டில் இரண்டும் பார்க்கலாம். கோவில் வாசலில் வரிசை என்று நினைத்து நின்று ஏமாறுகிறவர்கள் அதிகம். அருங்காட்சியகத்தில் அவசரமாக நடந்தாலும் ஜெர்மானிய ஓவியர் ட்யூரரின் மரச்செதுக்கு அச்சுப்படங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். கூர்முனைக் குதிகால் செருப்பு வேண்டாம். தரை முழுக்கப் பலநிறப் பளிங்கில் இழைத்த கல்லறைப் பலகைகள், எலும்புக்கூடும் மண்டையோடும் வரைந்தவை (பையனுக்கு இதுதான் பிடிக்கும்). கூர்முனையின் அழுத்தம் பளிங்கைச் சில்லாகப் பெயர்த்துவிடும்.

1693 ஜனவரி 11 நிலநடுக்கத்தில் பழைய பேராலயம் இடிந்தது. இன்று நிற்பது லொரென்ஸோ கஃபா கட்டி 1700-களின் தொடக்கத்தில் முடித்தது. ஆனால் பலிபீடத்துக்குப் பின்னுள்ள பகுதியை அவரே நிலநடுக்கத்துக்குச் சற்று முன் புதிதாகக் கட்டியிருந்தார், அது தப்பியது. அதனால்தான் மத்தியா ப்ரெத்தியின் ஓவியங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன: பவுலின் மனமாற்றம் பலிபீடத்தில், அவர் வந்த கப்பல் உடைந்த காட்சி அதற்கு மேலே வளைவில்.

இன்னொரு குறிப்பு. முகப்பில் இரண்டு கடிகாரம் இருக்கும். "ஒன்று தப்பு நேரம் காட்டும், சாத்தானை ஏமாற்ற" என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். மால்ட்டாவின் பல ஊர்க் கோவில்களைப் பற்றி அந்தக் கதை உண்டு. இங்கே இரண்டாவது கடிகாரம் நாளும் மாதமும் காட்டுவது. முள்ளைப் பார்த்தாலே தெரியும்.

கல்லைப் பற்றி: ஊர் முழுக்கத் தேன் நிறத்தில் இருப்பது குளோபிஜெரினா சுண்ணாம்புக்கல். வெட்டியெடுக்கும்போது மென்மை, அதனால் செதுக்கச் சுலபம். ஆனால் உப்புக்காற்று பட்டால் தேனடை மாதிரி குழிகுழியாக அரிக்கும். வில்லெகேன்யோன் தெருவில் நடக்கும்போது சுவரைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு கல் முழுதாக இருக்க, பக்கத்துக் கல் விரல் நுழையும் அளவுக்கு அரித்திருக்கும். தரைக்கல் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், செப்டம்பர் கடைசியில் திடீர் மழை வரலாம். நனைந்தால் சோப்புத் தரைதான். அம்மாவுக்கு ரப்பர் அடிச் செருப்பு அவசியம்.

மதிலில் ஏறி உட்கார வேண்டாம். குன்றின் மேல் ஓடு கடினப் பாறை, அதன் கீழே நீலக்களிமண். களிமண் ஈரத்தில் ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கும் பாறை அதற்கேற்ப நகர்ந்து பிளக்கும். அதனால்தான் மதில்களுக்கும் வில்ஹேனா மாளிகைக்கும் பெரிய அளவில் பழுதுபார்ப்பு நடந்தது.

நேரமிருந்தால் வில்லெகேன்யோன் தெருவிலேயே கார்மேல் சபைக் கோவில். 1798 செப்டம்பர் 2 அன்று பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோவில் பொருட்களை ஏலம் விடப் போய்த்தான் ஊரே திரண்டு எழுந்தது. நெப்போலியனின் படை தீவுக்குள் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

வழிப்போக்கன்77:

நன்றி! கல்லறைகளில் அம்மா இறங்க முடியுமா? வேறு எதற்குக் காசு செலவழிக்கலாம்? பையன் "பாதாளச் சிறை பார்க்கணும்" என்கிறான்.

தெற்குவாசல்:

அம்மாவை இறக்க வேண்டாம். படிகள் செங்குத்து, ஒடுக்கம், சில இடத்தில் குனிந்துதான் போகணும். மேலே பார்வையாளர் கூடமும் தோட்டமும் இருக்கின்றன, அங்கே உட்காரலாம். நீங்களும் பையனும் போய்வாருங்கள். இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனிக் குகைகள் திறந்திருக்கும். எல்லாவற்றிலும் இறங்கினால் களைத்துப்போவீர்கள். பெரிய தொகுதி ஒன்று, சின்னது மூன்று நான்கு போதும். பாறையிலேயே குடைந்த வட்ட மேசையைத் தேடுங்கள். சுற்றிலும் சாய்ந்து படுக்கச் சரிவான திண்ணை, எல்லாம் ஒரே பாறை. இறந்தவரின் நினைவாக உறவினர் கூடி உண்ட இடம்.

டோமுஸ் ரோமானாவில் 1881-ல் கிடைத்த பாசிமணி அளவுக் கற்களால் இழைத்த தரை இருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் புறாக்களைப் பார்த்தால் கொடுத்த காசு தகும். இதையும் கல்லறைகளையும் வில்ஹேனா மாளிகையிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையும் ஒரே அரசு நிறுவனம்தான் நடத்துகிறது. மூன்றும் பார்ப்பதானால் கூட்டு டிக்கெட் இருக்கிறதா என்று முதல் இடத்திலேயே கேளுங்கள். கடைசி நுழைவு மூடுவதற்கு அரை மணி முன்பு.

பாதாளச் சிறை என்பது மெழுகுப் பொம்மைக் காட்சி. சித்திரவதைக் காட்சிகள்தான் அதிகம், 8 வயதுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதில் அகழிக்குள் இறக்குங்கள். மரமும் புல்லுமாகத் தோட்டமாக்கியிருக்கிறார்கள், காசு கிடையாது, ஓடலாம். கீழேயிருந்து பார்த்தால்தான் மதிலின் உயரமும் தெரியும். பழைய மாளிகைகளில் பலாட்ஸோ ஃபல்சோன் ஒன்று போதும். சேகரிப்பு வெள்ளம், நுணுக்கமாகப் பார்ப்பவர்களுக்கு ஏற்றது, பையனுக்கு அல்ல.

வாசலில் குதிரை வண்டிக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஏறுவதற்கு முன் ஆளுக்கா வண்டிக்கா, எத்தனை நிமிஷம், என்ன விலை என்று மூன்றையும் பேசிவிடுங்கள். முட்டி வலிக்கு இது ஒரு வழிதான், ஆனால் கோட்டைக்குள் தரை பெரும்பாலும் சமதளம். மெதுவாக நடந்தே முடித்துவிடலாம்.

இலைச்சாப்பாடு:

சைவம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ரபாத்தில் கையில் வாங்கித் தின்ன பஸ்தித்ஸி: அடுக்கடுக்கான மாவுக்குள் இர்கொத்தா (ரிக்கோட்டா சீஸ்) அல்லது பிஸெல்லி (மசித்த பட்டாணி). இரண்டும் பார்க்கச் சைவம்தான், ஆனால் மேல்மாவில் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு தடவுவதுண்டு, இப்போது பல இடத்தில் மார்ஜரின். "நோ மீட்" என்று கேட்டால் "ஆமாம், இறைச்சி இல்லை" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் கொழுப்பை அவர்கள் இறைச்சியாகக் கணக்கில் எடுப்பதில்லை. "லார்ட் (பன்றிக் கொழுப்பு) போட்டதா?" என்று நேராகக் கேளுங்கள். பட்டாணியிலும் முட்டையோ இறைச்சித் துண்டோ சேர்ந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். ஃப்தீரா ரொட்டியில் வழக்கமாகச் சூரை மீன் இருக்கும். சொன்னால் எடுத்துவிட்டு, தக்காளி, ஆலிவ், கேப்பர், வெள்ளைப் பீன்ஸ் வைத்துத் தருவார்கள்.

இனிப்புக்கு இம்ஆரெத், பேரீச்சம்பழம் வைத்துப் பொரித்தது. கின்னி என்ற உள்ளூர்ப் பானம் கசப்பு ஆரஞ்சில் செய்தது, பையன் ஒரு மிடறோடு நிறுத்திவிடுவான், ஒன்றை வாங்கிப் பகிருங்கள். வடக்கு மதில்மேல் இருக்கும் தேநீர்க் கடையில் கேக் பெரிய துண்டு, நான்கு பேருக்கு இரண்டு தாராளம். வெளிவிளிம்பு மேசைக்கு மாலை ஐந்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். கடைக்குள் போகாமலே பக்கத்து முற்றத்தில் நின்றால் அதே காட்சி இலவசம்: தாக்காலி சமவெளி, மொஸ்டாவின் பெரிய குவிமாடம், தூரத்தில் வல்லெட்டா, அதற்கப்பால் கடல்.

மேப்மாரி:

திரும்பும் வழியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வல்லெட்டா பஸ்களில் சில டிங்லியிலிருந்தோ இம்தார்ஃபாவிலிருந்தோ வருகின்றன, ரபாத்துக்கு வரும்போதே பாதி நிறைந்திருக்கும். சூரியன் மறைந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். இரண்டு பஸ் நிற்காமல் போவது சாதாரணம். மறைந்த பிறகு இன்னும் 45 நிமிஷம் உள்ளேயே இருங்கள். விளக்கெரியும் தெருக்களைப் படமெடுக்க அதுதான் நேரம், பஸ்ஸும் காலியாகும்.

டாக்ஸி என்றால் போல்ட், ஊபர், ஈகேப்ஸ் மூன்றும் ஓடுகின்றன. குடியிருப்பவர்களின் வண்டி, அவசர வண்டி, கல்யாணம், சாவு ஊர்வலம் தவிர வேறு கார் கோட்டைக்குள் வராது. செயலியை மதிலுக்குள் நின்று திறந்தால் புள்ளி உள்ளே விழும், ஓட்டுநர் வேறு பக்கம் போய் நின்று ரத்து செய்துவிடுவார். முன்வாசலைத் தாண்டி ஸக்கய்யா சதுக்கத்துக்கு வந்த பிறகு பதிவு செய்யுங்கள். அதே சதுக்கத்து மேட்டில்தான் ஜூன் 29 இம்னார்யா விழாவுக்குக் குதிரை, கழுதைப் பந்தயம். அன்று போகிறவர்கள் சாலை மூடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.