குழந்தைக்கு ஆன்டிபயாடிக்: பேதி, தடிப்பு, வாந்தி (அனுபவப் பகிர்வு)

மருந்தாளுநர்:
"ஒத்துக்கவில்லை" என்று திரும்பி வரும் சிரப் பாட்டில்களில் சில, கலக்கும்போதே தவறியவை. அடியில் கட்டியிருக்கும் பொடியை முதலில் தட்டி உதிர்க்க வேண்டும். கொதித்து ஆறிய நீரைப் பாட்டிலில் உள்ள கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பின் கோடு வரை நிரப்ப வேண்டும். நுரையோடு சேர்த்துக் கோட்டைப் பார்த்தால் தண்ணீர் குறையும். ஒவ்வொரு 5 மி.லி.யிலும் மருந்து கூடும். பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக்கான அமாக்சிசிலின் 5 மி.லி.க்கு 125 மி.கி., 250 மி.கி. என்று வெவ்வேறு அளவில் வருகிறது. 125-லிருந்து 250-க்குப் பாட்டில் மாறியும் பழைய அளவே ஊற்றினால் டோஸ் இரட்டிப்பு. வீட்டுக் கரண்டி வேண்டாம், அளவுக்கோடு உள்ள சிரிஞ்சுதான்.

குழந்தைகள் வார்டு செவிலியர்:
தடிப்பு என்றதும் நாங்கள் கேட்பது, எப்போது வந்தது என்றுதான். மருந்து உள்ளே போன 1 மணி நேரத்துக்குள் மேடுமேடாக, அரிப்போடு, இடம் மாறி மாறி வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். அடுத்த டோஸ் கொடுக்காமல் டாக்டரிடம் பேசுங்கள். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, குழந்தை துவண்டாலோ உடனே அவசரப் பிரிவு. 5ஆம் நாளுக்கு மேல் தட்டையான சிவப்புப் புள்ளிகளாக, பெரிய அரிப்பின்றி வருவது அமாக்சிசிலினில் அடிக்கடி பார்ப்பது. பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனாலும் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். கொப்புளம், தோல் உரிதல், வாய்ப்புண் இருந்தால் காத்திருக்கவே கூடாது.

குழந்தை மருத்துவர்:
அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்தில் பேதி அதிகம். சாப்பிட ஆரம்பிக்கும்போதே கொடுத்தால் வயிறு ஓரளவு தாங்கும். லேசான பேதிக்காக நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு முறை போன பிறகும் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்): 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி., சிறுகச் சிறுக. பேதியை நிறுத்தும் மாத்திரை குழந்தைக்குக் கூடவே கூடாது. மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் 6 மணி நேரம் வராவிட்டாலோ அழைத்து வாருங்கள். கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்துக்கூட ரத்தப்பேதி வரலாம். அப்போது பழைய ஆன்டிபயாடிக் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.

செவிலியர்:
டயப்பர் பகுதியில் மடிப்புக்குள்ளும் அடர்சிவப்பாக, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகளோடு இருந்தால் அது பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கின்போது வரும் பூஞ்சை. சாதாரண டயப்பர் கிரீமுக்கு அடங்காது.

மருந்தாளுநர்:
செஃப்டினிர் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது இரும்புச்சத்து சேர்ந்தால் மலம் செங்கல் நிறமாகும். அது ரத்தம் இல்லை, சந்தேகமென்றால் காட்டிவிடுங்கள்.

குழந்தை மருத்துவர்:
ஃபைலில் "பெனிசிலின் அலர்ஜி" என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். அப்படி எழுதப்பட்ட குழந்தைகளைச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்து ஒத்துக்கொள்கிறது. மருந்தின் பெயர், எத்தனையாவது நாள், கொடுத்து எவ்வளவு நேரத்தில், என்ன வந்தது, எப்படி அடங்கியது என எல்லாவற்றையும் அன்றே குறித்து வையுங்கள்.