பொருள்: பழைய கோப்பு புது மென்பொருளில் திறப்பதற்குத் தமிழில் என்ன?

காரைக்குடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். நகரத்தார் கோயில் கணக்கு பார்க்கிறவர்களுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறேன். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புள்ளிவரிப் பட்டியல் (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் கோயில் வரி) எக்செல் 2003இல் செய்த எக்ஸ்எல்எஸ் கோப்பு. புது எக்செல் அதைத் திறந்துவிடும். ஆனால் 2007இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் சேமித்ததை 2003 தானாகத் திறக்காது, கூடுதலாக ஒரு பொதி நிறுவ வேண்டியிருந்தது. பழைய வடிவத்தில் 65,536 வரிசைதான், புதியதில் 10,48,576. பெரிய பட்டியலைப் பழையதில் சேமித்தால் மிச்சம் உதிர்ந்துவிடும். பழைய கோப்பு புதியதில் திறக்கும் இந்த ‘பேக்வேர்ட் கம்பாட்டிபிலிட்டி’க்கு ஒரு சொல் வேண்டும். ‘பின்னோக்கிய பொருந்துதன்மை’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது.

தேவகோட்டை, தமிழாசிரியர்:
தம்பி, பிழையில்லை, ஆனால் சொல்லுக்கு மூச்சு வாங்குகிறது. ‘ஒவ்வுமை’ என்று போடுங்கள். ஒப்பு, ஒட்டு, ஒன்று எல்லாம் ஒரே வேர் என்பேன். ‘ஓரம்’ வரைக்கும் இழுத்துக் காட்டுவேன், நேரமிருந்தால்.

பள்ளத்தூர் ஆச்சி:
வேண்டாம் ஐயா. ஒவ்வாமை என்றால் ஊரில் அரிப்பும் தடிப்பும். நம் கல்யாணங்களில் இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுகிறோமே, அந்த ‘இசை’ போதாதா? இரண்டு வீடும் இசைந்த மாதிரி கோப்பும் மென்பொருளும். ‘இசைவு’.

சிங்கப்பூரிலிருந்து:
சரி ஆச்சி, ‘பேக்வேர்ட்’ எங்கே போயிற்று? ‘பின்னிசைவு’?

தேவகோட்டை:
அங்கேதான் வழுக்கும். இடத்தில் ‘முன்’ முகத்துக்கு எதிரே, காலத்தில் ‘முன்’ கழிந்துபோனது. முன்னோர் போய்விட்டார்கள், முன்னேற்றம் இனிமேல்தான். ‘பின்னால் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் நாளைக்கு. ஆங்கிலத்தான் முதுகைக் காட்டினான் என்று நாமும் ‘பின்’ போட்டால், பழைய கோப்பைத் திறப்பது வருங்காலக் கோப்பைத் திறப்பதாகிவிடும்.

கானாடுகாத்தானிலிருந்து:
வகுப்பில் உட்காருகிறவர்களுக்கு அறுபது வயசு. ‘பழசும் திறக்கும்’ என்று எழுதினால் போதாதா?

தேவகோட்டை:
போதும். பொருளடக்கத்தில் அதை எப்படிப் போடுவீர்கள்? ‘பழசும் திறக்கும் இயல் 4’ என்றா?

காரைக்குடி:
இடையில் இன்னொன்று. சில கோப்புகள் ஒழுங்காகத் திறக்கின்றன, எழுத்து மட்டும் பூச்சி பூச்சியாக நிற்கிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை. இதுவும் இசைவின்மைதானே?

சிங்கப்பூர்:
இல்லை அண்ணே, அது குறியேற்றச் சிக்கல், எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் வரும் குழப்பம். கோப்பு வடிவத்தின் தலையில் கட்டாதீர்கள். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், வேறு வடிவத்தில் சேமித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். ஆகாது.

காரைக்குடி:
வியாழக்கிழமை இரவு பதினொரு மணி. ‘பழங்கோப்பு இசைவு’ என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே கம்பாட்டிபிலிட்டி என்றும் இருக்கும். ஆசிரியரைத் தவிர யாரும் மறுக்கவில்லை, களைப்பாகவும் இருக்கலாம்.

தேவகோட்டை:
என் ஒவ்வுமையை நான் விடவில்லை. போடுவதானால் சேர்த்தாவது எழுதுங்கள்: ‘பழங்கோப்பிசைவு’.

பள்ளத்தூர் ஆச்சி:
கோப்பிசைவா? சோறு பிசைகிற மாதிரி காதில் விழுகிறது.

தேவகோட்டை:
சோற்றுக்காகப் புணர்ச்சி விதியை மாற்ற முடியாது, ஆச்சி.